அகத்திக்கும் தேஜுவுக்கும் நேர்கோட்டில்

ஜனவரி 3, வெள்ளி

இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் சொல்லும் வலைத்தளம் ஒன்று இருக்கிறது. இன்று வேலை ஓய்ந்த நேரத்தில் அகத்தி, தேஜு என்று அடித்துப் பார்த்தேன். 3,140 கிலோமீட்டர். நான்கு மணி இருபத்தைந்து நிமிடம். கீழே 'இனிய பயணம்' என்று ஒரு வாழ்த்து வேறு.

எந்த விமானத்தில் என்று கேட்கிறேன். எங்கப்பன் வீட்டு விமானத்திலா? அகத்தி லட்சத்தீவில் கிடக்கிறது. ஓடுபாதையின் நடுவில் நின்றால் இரண்டு பக்கமும் கடல் தெரியும். தேஜு அருணாசலப் பிரதேசத்தில் மலையடிவாரத்தில் கிடக்கிறது. இங்கிருந்து கொச்சி, கொச்சியிலிருந்து கொல்கத்தா, அங்கிருந்து திப்ருகர், அங்கே பனி விலகினால் தேஜு. மூன்று நாள் ஆகும். இந்த முனையில் கட்டுப்பாட்டுக் கோபுரத்துப் பொறுப்பாளர் ஆவுடையம்மாளாகிய நான். அந்த முனையில் நிலையப் பொறுப்பாளர் வெயிலுமுத்து. என் புருஷன். இரண்டு வருஷமாக இப்படி.

இந்த மாதம் 31-க்குள் மாறுதல் விருப்பப் படிவம் அனுப்ப வேண்டும். இருவரும் மதுரை என்று எழுதினால் கணவன் மனைவி என்று ஒரே இடம் கிடைக்கும். விட்டால் இன்னும் இரண்டு வருஷம். சாயங்காலம் போனில் கேட்டேன்.

"படிவம் எழுதியாச்சா?"

"பாப்போம் ஆவுடை. இங்க அஜெய்லு ஒரு கூடை ஆரஞ்சு கொண்டாந்து வச்சுட்டுப் போயிருக்கா. தேன் மாதிரி இருக்கு கேட்டியா."

நான் மதுரையைக் கேட்டால் இவர் ஆரஞ்சைச் சொல்கிறார்.

ஜனவரி 5, ஞாயிறு

ஆறு நிமிடப் பேச்சில் அஜெய்லு மூன்று தடவை. ஆவுடை ஒரே தடவை. அதுவும் "ஆவுடை, சிக்னல் போகுது."

ஜனவரி 8, புதன்

ஓடுபாதையில் இரண்டு நாய். விரட்டிவிட்டுத்தான் கொச்சி விமானத்தை இறக்கினேன். காற்று வடகிழக்கு. துவைக்க ஊறவைத்த துணி காலையிலிருந்து வாளியிலேயே கிடக்கிறது.

அஜெய்லு யாரென்று விவரமாகக் கேட்டு வாங்கிவிட்டேன். சும்மா கேட்பது போலத்தான் கேட்டேன். மிஷ்மிக்காரி, அந்தப் பக்கத்து மலைக்குடி. வயது முப்பத்திரண்டு. புருஷன் இல்லை, ஆற்று வெள்ளத்தில் போய்விட்டாராம். விமான நிலைய வாசலில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாள், ஜீப்பும் ஓட்டுவாள். இவருக்கு மூன்று வேளையும் அங்கேதான்.

"என்ன சாப்பாடு?"

"மூங்கில் குருத்து போட்டு மீன் வைப்பா. அடுப்புக்கு மேல கட்டித் தொங்கவிட்டுப் புகையில காயவச்ச மீன். என்னா ருசி!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனுஷன் கல்யாணமான புதிதில் நான் கருவாட்டுக் குழம்பு வைத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவில் போய் நிற்பார். "சவம், நாத்தம் தாங்கல" என்று ஏசுவார். எங்க அம்மா கோவில்பட்டியிலிருந்து கொடுத்துவிட்ட நெத்திலியை அப்படியே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். ஐந்து வருஷம் நான் ஆசைக்குக் கருவாடு தின்னவில்லை. இப்போது அவள் கையால் புகைமீன் தேவாமிர்தமாகிவிட்டதா?

ஜனவரி 11, சனி

நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

மத்தியானம் ஒரு படம் அனுப்பினார். 'அஜெய்லுவின் அம்மா சமையல்' என்று எழுதியிருந்தார். ஒரு வீட்டு அடுப்படி. இவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறார். எனக்கு அனுப்பும் படங்களில் இப்படிச் சிரித்து இரண்டு வருஷம் ஆகிறது. பக்கத்தில் ஒரு கிழவி. கரண்டியோடு ஒரு கை மட்டும் தெரிகிறது. அந்தக் கை யாருடையது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்.

அதை விடு. பின்னால் சுவரில் ஒரு கடிகாரம். பெரிதாக்கிப் பார்த்தேன். ஏழு நாற்பது. வாசலில் உச்சி வெயில் அடிக்கிறது, படம் எடுத்தது ஒன்று பத்துக்கு. ஓடாத கடிகாரமாக இருக்குமோ என்று பார்த்தால், அடுத்து அனுப்பிய படத்தில் ஏழு நாற்பத்துமூன்று. நன்றாக ஓடுகிறது.

ஒன்று பத்திலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் கழித்தால் ஏழு நாற்பது. எங்கள் வேலையில் உலகம் முழுக்க ஒரே நேரம்தான், கிரீன்விச் நேரம். பதிவேட்டில் அதைத்தான் எழுதுவோம். கோபுரத்தில் அந்தக் கடிகாரம் இருக்கும், நியாயம். சோறு பொங்குகிறவள் வீட்டுச் சுவரில் அதற்கு என்ன வேலை? வீட்டிலும் கிரீன்விச் கடிகாரம் மாட்டும் கிறுக்கு எனக்குத் தெரிந்து எங்கள் இரண்டு பேருக்குத்தான் உண்டு. அந்தக் கடிகாரத்தை மாட்டியவர் அந்த வீட்டில் காலையில் எழுந்து அதைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போகிறவர். வேறு யாருக்கும் இது புரியாது. எனக்குப் புரிகிறது.

ஜனவரி 12, ஞாயிறு

பத்து முறை கழித்துப் பார்த்துவிட்டேன். ஐந்தரை மணிதான் வருகிறது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். வீட்டுக்கார அம்மா சாஜிதா தேங்காய்ப் பாலும் வெல்லமும் தந்தாள். பொங்கலை அடிபிடிக்க விட்டேன். அவள் பிள்ளைகள் சுரண்டிச் சுரண்டித் தின்றன.

சென்னையிலிருந்து பயிற்சிக்காலத் தோழி மரகதவல்லி வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டாள். தலைமையகத்தில் பணியாளர் பிரிவில் இருக்கிறாள். பேச்சோடு பேச்சாக, "உங்க வீட்டுக்காரரு தேஜுவுலயே இன்னும் ஒரு வருஷம் கேட்டிருக்காரே, உனக்குத் தெரியும்லா?" என்றாள்.

தெரியும் என்று சொன்னேன். வேறென்ன சொல்ல?

இப்போது எல்லாம் பொருந்திவிட்டது. புகைமீன், கடிகாரம், நீட்டிப்பு. மதுரை என்று நான் மட்டும் எழுதி நான் மட்டும் போய் என்ன செய்ய? மீனாட்சியைக் கும்பிட்டுக்கொண்டு இருக்கவா?

அவரிடம் கேட்கலாம். கேட்டால் அவரும் என்னிடம் ஏதாவது கேட்பார். போன ஏப்ரல் கடிதம் ஒன்று என் பெட்டியின் அடியில் கிடக்கிறது. அதைப் பற்றி இப்போது எழுதப் போவதில்லை.

ஜனவரி 16, வியாழன்

இரண்டு வாரம் விடுப்பு கேட்டேன். மாற்று ஆள் கிடைக்காது, எப்போதுமே கிடைத்ததில்லை என்று நினைத்துக்கொண்டேதான் கேட்டேன். மாலைக்குள் பதில் வந்துவிட்டது. கொச்சியிலிருந்து சனிக்கிழமை ஒரு பையன் வருகிறான். அவ்வளவு லேசாக.

சாஜிதாவிடம் சொன்னேன். மீன் அறுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். மாற்று ஆள் கிடைக்காது, கோபுரம் நான் இல்லாமல் நடக்காது என்று போன வருஷம் போனில் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாயே என்றாள். சுவர் மெல்லியது. அவளுக்குக் காது வேறு கூர்மை.

அது போன வருஷம் என்றேன்.

ஜனவரி 20, திங்கள். கொச்சி

467 கிலோமீட்டர். ஒன்றே கால் மணி. சன்னலோரம் கிடைத்தது. கொல்கத்தாவுக்கு நாளைக் காலைதான். தங்கும் அறையில் கொசு.

அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் கடிகாரத்தைக் கழற்றிவிடுவார்.

ஜனவரி 21, செவ்வாய். கொல்கத்தா

1,893. தரையிறங்கிய விதம் மகா மட்டம். மூன்று முறை குதித்தது.

அவளைப் பார்த்ததும் என்ன சொல்வது என்று இந்தியில் யோசித்துக்கொண்டே வந்தேன். என் இந்தியில் திட்டுவதற்குச் சொல் போதாது. பயிற்சி முகாமில் இவர்தான் இந்தியில் திட்டக் கற்றுக்கொண்டார், நான் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 22, புதன். திப்ருகர்

852. தேஜு விமானம் பனியால் ரத்து. நூற்றிருபது கிலோமீட்டர் மிச்சம். எல்லாவற்றையும் கூட்டினால் அந்த வலைத்தளத்தின் நேர்கோட்டைவிட இருநூறு கிலோமீட்டர்கூட அதிகம் வரவில்லை. அப்படியானால் இரண்டு வருஷமாக எங்களுக்கு நடுவில் கிடந்தது என்ன? யோசித்தால் தலை வலிக்கிறது. நாளைக் காலை, ஆள் கணக்கில் ஏற்றிப்போகும் சுமோ வண்டியில் ஓர் இடம் பிடித்து வைத்திருக்கிறேன்.

ஜனவரி 23, வியாழன். தேஜு

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

சுமோ என்னை விமான நிலைய வாசலில் இறக்கியது. எதிரே கடை. நேராக உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். வாடிக்கையாளர் மாதிரி நோட்டம் விடுவது என் திட்டம். அடுப்புக்கு முன்னால் நின்றவள் திரும்பினாள். சிவப்பு ஸ்வெட்டர். அழகிதான். பொய் எழுதி என்ன ஆகப்போகிறது?

"ஆவுடை?" என்றாள்.

என் திட்டம் அந்த இடத்தில் முடிந்தது. நாங்கள் பேசியது இந்தியில். என் தமிழில் எழுதுகிறேன்.

"எப்படித் தெரியும்?"

"அவர் மேசையில் உங்கள் படம் இருக்கிறது. படத்தில் இவ்வளவு கோபமாக இல்லை. அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. முதலில் உன் வீட்டைப் பார்க்க வேண்டும்."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு முன்னால் நடந்தாள். வேலி ஓரமாக நூறடி. மரத்தால் கட்டிய வீடு. வாசலில் படத்தில் பார்த்த கிழவி நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். அடுப்படிக்குள் போனேன். கிரீன்விச் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு கடிகாரம், நம் நேரத்தில். படத்தின் ஓரத்தில் அது வெட்டுப்பட்டிருந்தது. கல்யாணமானதும் நாங்கள் முதலில் குடியிருந்த திருவனந்தபுரம் வீட்டில் மாட்டியிருந்தோமே, அதே மாதிரி ஜோடியாக.

மூலையில் ஒரு மாவரைக்கும் கிரைண்டர். உறையைக்கூடப் பிரிக்கவில்லை.

"அருணாசலத்தில் இட்லி தின்கிறவர்கள் யாரம்மா?" என்றேன்.

"இது எங்கள் வீடு இல்லை. உங்கள் வீடு" என்றாள் அஜெய்லு. "போன மார்ச்சில் என் மாமாவிடம் வாடகைக்கு எடுத்தார். வெள்ளையடித்தது அவர்தான். கிரைண்டரை திப்ருகரிலிருந்து என் ஜீப்பில்தான் ஏற்றி வந்தோம். மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். அப்புறம் மே மாதம் சாவியைக் கொடுத்து, அவள் வரமாட்டாள், உன் அம்மாவைக் குடிவை என்றார். அம்மா அடுப்படியில் எதையும் மாற்றவில்லை."

மே மாதம்.

இனி அந்தக் கடிதத்தை எழுதாமல் இருக்க முடியாது. போன ஏப்ரலில் தலைமையகம் எனக்கு தேஜுவில் இடம் கொடுத்தது. அவர் கேட்டு வாங்கிய இடம் அது. கோபுரத்தில் இரண்டாவது ஆள். முதல் ஆள் அவர். நான் மறுத்துப் பதில் எழுதினேன். மாற்று ஆள் இல்லை, உடல்நிலை சரியில்லை என்று இரண்டு பொய் எழுதினேன். அவரிடம், தலைமையகம் இடம் தரவில்லை என்று சொன்னேன். பயிற்சியில் அவர் முதலிடம், நான் அரை மதிப்பெண்ணில் இரண்டாமிடம். அகத்தியில்தான் முதன்முதலாக எனக்கு மேலே ஆள் இல்லாமல் இருந்தேன். அதை விட்டுவிட்டு அவருக்குக் கீழே போய் உட்கார எனக்கு மனம் வரவில்லை. பொறாமை, வேறென்ன?

எங்கள் அலுவலகத்தில் எந்தக் கடிதத்துக்கும் சம்பந்தப்பட்ட இரண்டு நிலையங்களுக்கும் நகல் போகும். பதினொரு வருஷமாக நானே அந்த நகல் வரியைத் தட்டச்சு செய்கிறேன். அன்றைக்கும் பழக்கத்தில் தட்டச்சு செய்திருக்கிறேன். பொறுப்பாளர், தேஜு. அது என் புருஷன் என்று அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவே இல்லை. தேஜு என்றால் ஒரு நிலையம், அவ்வளவுதான்.

ஜனவரி 24, வெள்ளி

நேற்று அவர் என்னைப் பார்த்ததும் கையிலிருந்த தொலைநோக்கியை மேசையில் வைத்தார். இளைத்திருக்கிறார். இன்றைக்குப் பனி, விமானம் இல்லை. கோபுரத்தில் நாங்கள் மட்டும்.

"அந்த நகல் வந்துச்சா?" என்று கேட்டேன்.

அலமாரியைத் திறந்து கோப்பை எடுத்து முன்னால் வைத்தார். என் கடிதம். மேலே உள்வரவு முத்திரை, மே 6, எண் 47. அவர் கையெழுத்து. முறைப்படி பதிந்து கோப்பில் சேர்த்திருக்கிறார்.

"எட்டு மாசமா ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

"நான்தான் சொல்ல மாட்டேன்னு தெரியும்லா?"

"தெரியும். இருந்தாலும் இருந்தேன்."

"இன்னும் ஒரு வருஷம் இங்கயேன்னு எழுதிக் குடுத்தது?"

"மதுரைன்னு நான் எழுதி, நீ கடைசி நாள்ல அகத்தின்னு எழுதினா என்ன செய்ய? இங்கன எனக்குச் சோறு இருக்கு, பேச மனுஷங்க இருக்காங்க. அது போதும்னு தோணிட்டு."

"பேச மனுஷங்கன்னா அவதான?"

அவர் சன்னலைப் பார்த்தார். வெளியே வெள்ளையாகப் பனி, வேறொன்றும் இல்லை.

"நவம்பர்ல கேட்டா. உன் பெண்டாட்டி வரமாட்டான்னா, நாம சேந்து இருக்கலாமான்னு. நேராவே கேட்டா."

"நீ என்ன சொன்னே?" கல்யாணத்துக்குப் பிறகு பிறர் முன்னால் 'நீங்க' என்றும் தனியாக இருந்தால் 'நீ' என்றும் பேசுவது வழக்கம். இந்த 'நீ' அந்த 'நீ' இல்லை.

"முடியாதுன்னேன்."

"உடனேயா?"

இந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். நம்பத் தயாராகத்தான் இருந்தேன்.

"இல்ல. ஒரு நாள் யோசிச்சேன். பன்னெண்டாந்தேதி கேட்டா. பதிமூணாந்தேதி சொன்னேன்."

அவரை அடிக்கலாம் போல இருந்தது. கோப்பைத் தூக்கி எறிந்தேன், சுவரில் பட்டு விழுந்தது. "போக்கத்தவனே, ஒரு நாளா? ஒரு நாள் முழுக்கவா யோசிச்சே?" என்று கத்தினேன். அவர் குனிந்து காகிதங்களை எண் வரிசையில் அடுக்கினார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

நவம்பர் 12 அன்று நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். ஞாபகம் வரவில்லை. விமானம் வந்திருக்கும், போயிருக்கும். மீன் வாங்கியிருப்பேன். இங்கே ஒரு மனுஷன் என்னை விட்டுவிடலாமா என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை யோசித்திருக்கிறான். எனக்கு அது சாதாரண நாள்.

ஜனவரி 26, ஞாயிறு

கொடியேற்றினோம். ஆறு பேர். அஜெய்லு ஜிலேபி கொண்டுவந்தாள். எல்லாரும் போனபின் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சொல்லிவிட்டாரா?"

"சொன்னார்."

"ஆறு மாதம் பார்த்தேன். யாரும் வரவில்லை. அதனால் கேட்டேன். கேட்டது தப்பா?"

தப்பில்லை என்று என் வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. அவள் ஸ்வெட்டர் பையிலிருந்து இரண்டு ஆரஞ்சு எடுத்துக் கொடுத்தாள். அறைக்கு வந்து தின்றேன். தேன் மாதிரிதான் இருக்கிறது, சனியன்.

ஜனவரி 27, திங்கள்

அவர் தங்கும் அறை ஒற்றை அறை. கட்டில் ஒன்று. குளிருக்குக் கம்பளி மூன்று போர்த்திக்கொள்கிறார், ஒன்றை என் பக்கம் தள்ளிவிட்டார். இன்னும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. என் சட்டைப் பொத்தான் அறுந்திருந்ததைப் பார்த்துத் தைத்து வைத்திருக்கிறார்.

வேலியோரத்து வீட்டை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். மார்ச்சிலிருந்து மே வரை அந்த வீட்டில் ஒருத்திக்காகக் காத்திருந்திருக்கிறார். சுவரடித்து, கடிகாரம் மாட்டி, கிரைண்டரை மடியில் வைத்து. அஜெய்லுவின் மேல் எனக்குப் பொறாமைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த மூன்று மாதம் ஒரு ஆவுடைக்காக அவர் காத்திருந்தாரே, அவள் மேல் வருகிற பொறாமைதான் தாங்க முடியவில்லை. இப்போது வந்திருப்பவளுக்கு அப்படி யாரும் காத்திருக்கவில்லை.

ஜனவரி 29, புதன்

நாளைக்கு விமானம் இருக்கிறது, பனி விட்டால். 31-க்குள் படிவம் போக வேண்டும். காலையில் கோபுரத்தில் அவர் மேசைக்கு எதிரே உட்கார்ந்து படிவத்தை விரித்தேன்.

"மதுரையா?" என்றார்.

"இங்க ரெண்டாவது ஆள் எடம் இன்னும் காலியாத்தான கெடக்கு?"

அவர் வானிலைக் குறிப்பை எழுதி முடித்தார். பிறகு பேனாவை மூடினார்.

"எனக்குக் கீழ உக்காரணும் ஆவுடை. தெனமும் நான் கையெழுத்துப் போட்ட பதிவேட்டுலதான் நீ போடணும்."

"தெரியும். வயிறெரியும். எரிஞ்சா உன்கிட்டயே ஏசிக்கிடுதேன்."

"வீடும் கெடையாது. அந்தக் கெழவிய எழுப்ப முடியாது."

"எழுப்பச் சொன்னேனா? கிரைண்டர மட்டும் வாங்கிட்டு வா."

"அஜெய்லு இங்கனதான் இருப்பா. கடையும் இங்கனதான் இருக்கும். நான் அங்கதான் சாப்பிடுவேன்."

"நானும் அங்கதான் சாப்பிடுவேன்."

"பொறாமையில எழுதாத."

"பொறாமையிலதான் எழுதுதேன். வேற எதுல எழுத? என்கிட்ட இருக்கது அதுதான்."

விருப்ப இடம் என்ற கட்டத்தில் தேஜு என்று எழுதினேன். அவர் கையை நீட்டிப் படிவத்தின் மேல் வைத்தார்.

"இன்னும் ரெண்டு நாள் இருக்குலா. ஒரு நாள் யோசிச்சுட்டுப் போடேன்."

"அந்த ஒரு நாள நீதான் யோசிச்சுட்டியே" என்று அவர் கையை நகர்த்திவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.